சீசன் போச்சு, ஒரு வருஷம் திருப்பித் தர்றாங்களாம். காசு யார் தர்றா?

கரிசக்காட்டான் (நியூ ஜெர்சி) | 31 மார்ச் 2020

வணக்கம் மக்களே. கொரோனாவால சீசன் எல்லாம் கேன்சல் ஆச்சுல்ல, நேத்து என்.சி.ஏ.ஏ. (அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பு) டிவிஷன் 1 (அதுல மேல் மட்டம்) கவுன்சில் ஓட்டு போட்டு, ஸ்ப்ரிங் சீசன் பசங்க எல்லாருக்கும் இன்னொரு வருஷம் ஆடிக்கலாம்னு சொல்லிட்டாங்க, பார்த்திருப்பீங்க. எங்க வீட்ல கேக் வெட்டாத குறைதான்.

என் பொண்ணு சீனியர், காலேஜ்ல கடைசி வருஷம். ட்ராக், 800 மீட்டர். மார்ச் 12 மத்தியானம் இவ டீம்ல ஒரு பொண்ணு ஆல்புகர்க்கில இன்டோர் நேஷனல்ஸ்க்கு போய் இறங்கி ட்ராக்குல வார்ம்-அப் பண்ணிட்டு இருந்திருக்கா, மறுநாள் ரேஸ், அப்பத்தான் போன்ல மெசேஜ் வருது எல்லாம் கேன்சல்னு. வின்டர் ஸ்ப்ரிங் ரெண்டு சாம்பியன்ஷிப்பும் சேர்த்து ஒரே அறிக்கைல முடிச்சிட்டாங்க. என் பொண்ணு அவுட்டோருக்குன்னு புதுசா வாங்கின ஸ்பைக்ஸ் டப்பா பிரிக்காம கார் டிக்கில கெடக்கு.

இன்னிக்கு காலைல கோச் கூப்பிட்டாரு. ரொம்ப பாசமா பேசினாரு, நீ கண்டிப்பா வரணும், உனக்கு இடம் இருக்கு அப்டினு. அஞ்சு நிமிஷம் கழிச்சு நாந்தான் வெக்கத்தை விட்டு கேட்டேன், சார் ஸ்காலர்ஷிப்பு? "அதப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது"ன்னாரு. இவளுக்கு இப்ப 40 சதவீதம் வருது, மீதி நாந்தான் கட்டுறேன். ஒரு வருஷம் தர்றேன்னு சொல்லிட்டு காசு இல்லைன்னா அது எந்த ஊரு நியாயம்? யாருக்காவது இந்த ரூல்ஸ் தெரியுமா?

டல்லாஸ் பெரிசு | 31 மார்ச் 2020

தம்பி, ரெண்டும் வேற வேற. எலிஜிபிலிட்டிங்கறது, அதாவது ஆடற தகுதி, பிளாட்பாரம் டிக்கெட். உள்ள போகலாம், ரயில்ல ஏற காசு கட்டி வேற டிக்கெட் எடுக்கணும்.

டிவிஷன் 1ல அஞ்சு வருஷ கடிகாரம் ஒண்ணு ஓடும், அதுக்குள்ள நாலு சீசன் ஆடிக்கணும். நேத்து அவங்க செஞ்சது அந்த கடிகாரத்தை ஒரு வருஷம் நீட்டி, ஒரு சீசனை கணக்குலேர்ந்து அழிச்சது, அவ்ளோதான். இந்த வருஷத்தோட ஆட்டம் முடிஞ்சிருக்க வேண்டிய சீனியருக்கு மட்டும், போன வருஷம் குடுத்த அதே அளவு உதவி குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, முழுசாவும் தரலாம் பாதியும் தரலாம் பூஜ்யமும் தரலாம், காலேஜ் இஷ்டம். அந்த சீனியருக்கு தர்றது டீமோட ஸ்காலர்ஷிப் உச்சவரம்புல சேராதுன்னு ஒரு சலுகை வேற குடுத்திருக்காங்க. ஆனா உச்சவரம்ப தூக்கினா மட்டும் பெட்டில பணம் வந்துடுமா?

பணம் ஏன் இல்லைன்னா, என்.சி.ஏ.ஏ.வுக்கு வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல வர்றதுல பெரும்பகுதி மார்ச் மேட்னஸ் (காலேஜ் பேஸ்கட்பால் டோர்னமென்ட்) டிவி காசு. அந்த டோர்னமென்டே நடக்கல. காலேஜ்களுக்கு பிரிச்சுக் குடுக்க வேண்டிய 60 கோடி டாலர் இந்த வருஷம் 22.5 கோடியா சுருங்கிடுச்சுன்னு போன வாரமே சொல்லிட்டாங்க.

உங்க பொண்ணு கேஸ்ல இன்னொரு கூத்து இருக்கு. ட்ராக்ல கிராஸ் கன்ட்ரி, இன்டோர், அவுட்டோர் மூணும் தனித்தனி கணக்கு. வின்டர் ஸ்போர்ட்ஸுக்கு நேத்து ஒண்ணும் குடுக்கல, ஏன்னா அவங்க சீசன் பெரும்பாலும் முடிஞ்சிடுச்சாம். அதனால உங்க பொண்ணு திரும்பி வந்தா ஏப்ரல்ல அவுட்டோர் ஓடலாம், ஜனவரில இன்டோர்ல நாலு சீசனும் முடிஞ்சிருந்தா காலேஜ் சட்டை போட்டு ஓட முடியாது. அதே பொண்ணு, அதே காலு.

கரிசக்காட்டான் | 31 மார்ச் 2020

அடப்பாவிகளா. இன்டோர் கணக்கு இப்பத்தான் தெரியும், கோச் இதைச் சொல்லவே இல்ல.

வேப்பங்குச்சி | 31 மார்ச் 2020

கோவிச்சுக்காதீங்க, ஊரே பத்தி எரியுது, ஆபீஸ்ல பாதி பேருக்கு வேலை இருக்குமான்னு தெரியல, ஹெச்-1பி வேலை வீசால இருக்கவன், வேலை போனா இருக்கற 60 நாள் கணக்கு எண்ணிட்டு இருக்கான். இதுல ஓடுறதுக்கு ஒரு வருஷம் போச்சேன்னு ஒரு இழை. நாலு வருஷம் பாதி ஃப்ரீயா படிச்சாச்சு, வேலைக்கு போக வேண்டியதுதானே?

டல்லாஸ் பெரிசு | 31 மார்ச் 2020

வேப்பங்குச்சி, பேருக்கேத்த பேச்சு. ஃப்ரீன்னு யார் சொன்னது? பேஸ்பால்ல ஒரு டீமுக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப், அதை அதிகபட்சம் 27 பேருக்கு பிரிக்கணும். தலைக்கு சராசரி பாதி கூட வராது. ஆம்பளைங்க டென்னிஸுக்கு 4.5, கோல்ஃபுக்கும் அதே 4.5. பெண்கள் ட்ராக் பரவால்ல, 18, ஆனா அதுலயே ஸ்ப்ரின்ட் ஹர்டில்ஸ் த்ரோ ஜம்ப்னு முப்பது நாப்பது பேர் கை நீட்டுவாங்க. முழு ஸ்காலர்ஷிப்புங்கறது ஃபுட்பால்ல 85 பேரு, பேஸ்கட்பால்ல ஆம்பளைங்க 13 பொம்பளைங்க 15, இன்னும் ரெண்டு மூணு பெண்கள் ஆட்டம், அவ்வளவுதான். மீதிப் பேரெல்லாம் கூறு போட்ட மீன் மாதிரி ஆளுக்கொரு துண்டு.

பெஞ்ச்சுல உக்காந்தவன் | 31 மார்ச் 2020

பேஸ்கட்பால் சீனியர்ஸ நெனச்சாதான் வயிறு எரியுது. டேட்டன் 29 ஜெயிச்சு 2 தான் தோத்தாங்க. சான் டியேகோ ஸ்டேட் 30-2. ரட்கர்ஸ் 1991க்கு அப்புறம் இந்த வருஷம்தான் டோர்னமென்டுக்கு போற மாதிரி இருந்துச்சு. ஓரிகன்ல சப்ரினா அயோனெஸ்கு ட்ராஃப்டுக்கு (புரொஃபெஷனல் டீமுங்க ஆள் எடுக்கறது) போகாம காலேஜ் கப்புக்காகவே சீனியர் வருஷம் திரும்பி வந்தா. இவங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. "உங்க சீசன் முடிஞ்சிடுச்சு". கல்யாணத்துல பந்தி போடுறதுக்கு முன்னாடி இலையை எடுத்துட்டு சாப்பாடு முடிஞ்சிடுச்சுன்னு சொல்றாப்ல.

சேப்பாக்கம் டு கேன்சஸ் | 1 ஏப்ரல் 2020

அண்ணன்களே அக்காக்களே, நான் நேரடியா மாட்டிக்கிட்டவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

டென்னிஸ், சீனியர், எஃப்-1 (ஸ்டூடன்ட் வீசா). நம்ம டென்னிஸ் பிளேயர் சோம்தேவ் வர்ஜீனியா யுனிவர்சிட்டிக்காக ஆடி 2007, 2008 ரெண்டு வருஷமும் என்.சி.ஏ.ஏ. சிங்கிள்ஸ் ஜெயிச்சார்ல, அந்த ரூட்டுன்னு சொல்லித்தான் எங்கப்பா அனுப்பினாரு. எனக்கு 60 சதவீதம். டீம்ல ஒன்பது பேரு, அந்த 4.5ஐ எப்படி பிரிச்சாங்கன்னு யாருக்கும் முழுசா தெரியாது, ஒருத்தன்கிட்ட ஒருத்தன் கேக்கவும் மாட்டோம், சம்பளம் கேக்குற மாதிரி.

டார்ம் காலி. எங்க ஃப்ளோர்ல நான், ஒரு செர்பியாக்காரன், ஒரு பிரேசில் பையன், மூணே பேரு. இந்தியா மார்ச் 22லேர்ந்து ஃப்ளைட்ட நிறுத்திடுச்சு, போகவும் முடியாது. ராக்கெட் ஸ்ட்ரிங் பண்ற மெஷின் பூட்டின ரூம்ல இருக்கு. அறுந்து போன ராக்கெட்ட வச்சிக்கிட்டு செவுத்துல அடிச்சிட்டு இருக்கேன்.

எனக்கும் ஒரு வருஷம் உண்டு, சரி. ஆனா மே மாசம் டிகிரி முடியுது. இன்னொரு வருஷம் ஆடணும்னா ஃபுல் டைம் ஸ்டூடன்டா இருக்கணும். ஐ-20ய (ஸ்டூடன்ட் வீசாவுக்கு காலேஜ் தர்ற பேப்பர்) நீட்டுங்கன்னு இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டா, படிப்பு சம்பந்தமான காரணம் இருந்தாத்தான் நீட்டுவோம், மேட்ச் ஆடணும்ங்கறது காரணம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்போ மாஸ்டர்ஸ் சேரணும், புது ஐ-20, அதுக்கு ஒரு வருஷ செலவுக்கு பேங்க்ல காசு இருக்குன்னு காட்டணும். ஸ்காலர்ஷிப் லெட்டர் இருந்தா அதையே காட்டலாம். கோச் வாயால சொன்னதை எந்த வீசா ஆபீஸர்கிட்ட காட்டுறது? கேம்பஸ்ல வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பாத்தா மெஸ் பில் கூட தேறாது. அமெரிக்கப் பசங்க லோன் போட்டுக்கலாம், எனக்கு ஜாமீன் கையெழுத்து போட யாரு?

இன்னொரு பக்கம் ஓ.பி.டி. (படிச்சு முடிச்சதும் கொஞ்ச நாள் வேலை பாக்க அனுமதி) போட்டு வேலை தேடலாம், ஆனா இந்த நேரத்துல எவன் ஆள் எடுக்கறான். கரிசக்காட்டான் அண்ணே, உங்க பொண்ணுக்கு காசுதான் பிரச்சனை. எனக்கு காசு வர்ற தேதியும் பிரச்சனை.

ஒஹையோ அம்மா | 2 ஏப்ரல் 2020

யாரும் பேசாத ஒரு விஷயம். என் பையன் 11வது படிக்கிறான், பேஸ்பால் பிட்சர். இவன் ஸ்கூல் சீசனும் போச்சு. காலேஜ் கோச்சுங்க பசங்கள நேர்ல பார்க்கக் கூடாதுன்னு டெட் பீரியட் போட்டுட்டாங்க, அதனால நாங்க பின்னாடி முற்றத்துல போன்ல வீடியோ எடுத்து மெயில் அனுப்பிட்டு இருக்கோம், நாந்தான் கேட்சர், ஏற்கனவே கட்டை விரல் வீங்கிடுச்சு.

சீனியர் திரும்பி வர்றான், மூணாம் வருஷ ஜூனியர் சீனியர் ஆகறான் ஆனா அவனுக்கும் ரெண்டு வருஷம் மிச்சம், முதல் வருஷ ஃப்ரெஷ்மேன் மறுபடி ஃப்ரெஷ்மேன் கணக்கு. இந்த வருஷம் சேரப் போறவங்க வேற ஏற்கனவே கையெழுத்து போட்டுட்டாங்க. வரிசைல எல்லாருக்கும் ஒரு இடம் குடுத்துட்டு, வரிசையோட கடைசில நிக்கறவன்கிட்ட போய் கடை மூடியாச்சுன்னு சொல்ற கதைதான் இது. அந்தக் கடைசி ஆளு என் பையன். சீனியருக்கு குடுக்கற சலுகை ஒரு வருஷத்துக்குத்தான், அடுத்தடுத்த வருஷம் இப்ப ஜூனியரா இருக்கவன் அந்த கூடுதல் வருஷத்துக்கு உக்காரும்போது 11.7ல தான் எடுக்கணும். என் பையன் பங்குலேர்ந்து.

வேப்பங்குச்சி | 2 ஏப்ரல் 2020

இது சரியான பாயிண்ட். முந்தா நேத்து கொஞ்சம் கடுப்புல எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க. எங்க ஆபீஸ் டீம்ல ரெண்டு பேரை அன்னிக்குத்தான் வேலையை விட்டு அனுப்பினாங்க.

பெஞ்ச்சுல உக்காந்தவன் | 10 ஏப்ரல் 2020

விஸ்கான்சின் வெளிப்படையாவே சொல்லிடுச்சு, ஸ்ப்ரிங் சீனியர்ஸை திரும்ப கூப்பிடல, பட்டம் வாங்கிட்டு வாழ்க்கையைப் பாருங்கன்னு. ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் மாதிரி எட்டு காலேஜ்) போன வாரமே மறுத்தாச்சு. அங்க ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கிடையாது, பி.ஜி. படிக்கிறவன் ஆடவும் கூடாது. அதனால அங்க சில பசங்க டிகிரி முடிக்காம ஒரு செமஸ்டர் விலகி நின்னு, அடுத்த வருஷம் வரலாமான்னு பாக்கறாங்களாம். படிப்பையே நிறுத்தி வச்சு ஆட்டத்தை காப்பாத்தறது.

விஸ்கான்சின் பண்ணது குரூரம்னு எல்லாரும் திட்டறாங்க. எனக்கென்னமோ, வா வான்னு கூப்பிட்டு பைசா தராம விடறதுக்கு இது நேர்மைன்னு தோணுது.

கரிசக்காட்டான் | 11 ஏப்ரல் 2020

அதான் எனக்கும். நேத்து காலேஜ்லேர்ந்து லெட்டர் வந்துச்சு (பேரு வேண்டாம்). ரெண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க குடும்பம், பாரம்பரியம், உன் பங்களிப்பு. ரெண்டாவது பக்கத்துல ஒரு கட்டம், அதுல உதவித்தொகை: $0. பொண்ணு படிச்சிட்டு சிரிச்சா. எனக்குத்தான் சோறு இறங்கல.

டல்லாஸ் பெரிசு | 12 ஜூன் 2020

ஒஹையோ அக்காவுக்கு இன்னொரு கெட்ட சேதி. மேஜர் லீக் பேஸ்பால் ட்ராஃப்ட் நேத்தோட முடிஞ்சுது. வழக்கமா 40 ரவுண்டு, இந்த வருஷம் அஞ்சே ரவுண்டு, மொத்தம் 160 பேர். ட்ராஃப்ட் ஆகாதவனுக்கு அதிகபட்சம் 20,000 டாலர் போனஸ். போன வருஷம் ஆயிரத்து இருநூறுக்கு மேல எடுத்தாங்க. அந்த ஆயிரம் பேர்ல பாதிப் பேராவது காலேஜுக்கே திரும்பிடுவான், 20,000க்கு எவன் போவான். மேல ஓட்டையும் அடைச்சாச்சு, கீழ குழாயும் திறந்திருக்கு, தொட்டி வழியாம என்ன செய்யும்.

ஒஹையோ அம்மா | 12 ஜூன் 2020

நாங்க பேசிட்டு இருந்த ஒரு கோச் மூணு வாரமா பதில் போடல. இப்ப புரியுது.

சேப்பாக்கம் டு கேன்சஸ் | 15 ஜூலை 2020

உயிரோட இருக்கேன். போன வாரம் முழு ஆன்லைன் கிளாஸ்னா வெளிநாட்டு ஸ்டூடன்ட் நாட்டை விட்டு கிளம்பணும்னு ஒரு ரூல் போட்டு, எட்டே நாள்ல நேத்து வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த எட்டு நாள்ல மூணு தடவை பெட்டி கட்டி மூணு தடவை பிரிச்சேன்.

கோச் கடைசில 25 சதவீதம் தர்றேன்னு எழுத்துல குடுத்தார். மீதிக்கு அப்பா தாம்பரம் பிளாட்ட வெச்சு லோன் எடுக்கறேன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். ஒரு சீசனுக்காக அந்த பிளாட்ட அடகு வைக்க மனசு வரல, அதுல அம்மா இருக்காங்க. வந்தே பாரத் ஃப்ளைட்டுக்கு (வெளிநாட்டுல மாட்டினவங்கள ஊருக்கு கூட்டிட்டுப் போறது) பேரு குடுத்திருக்கேன்.

கூடவே ஒண்ணு: ஸ்டான்ஃபோர்ட் 11 ஸ்போர்ட்ஸை ஒரே நாள்ல மூடறோம்னு அறிவிச்சிருக்காங்க. ஸ்டான்ஃபோர்டுக்கே காசு இல்லைன்னா எங்க காலேஜை குறை சொல்லி என்ன.

வேப்பங்குச்சி | 15 ஜூலை 2020

ஸ்டான்ஃபோர்டுக்கு காசு இல்லையாம். நல்லா சொன்னீங்க தம்பி. ஃபுட்பாலை மூடறோம்னு எவனாவது சொன்னானா பாருங்க. பத்திரமா ஊர் போய் சேருங்க.

டல்லாஸ் பெரிசு | 15 அக்டோபர் 2020

தூசி தட்டறேன். ஆகஸ்ட்ல ஃபால் ஸ்போர்ட்ஸ் பசங்களுக்கு, ஆடினாலும் ஆடாட்டியும் இந்த வருஷம் கணக்குல சேராதுன்னாங்க. நேத்து வின்டருக்கும் அதே. கரிசக்காட்டான், அப்போ இன்டோர்ல முடிஞ்சு போச்சுன்னு சொன்னேனே, எவனாவது கூப்பிட்டா இப்ப கேட்டுப் பாக்கலாம். மார்ச்ல டேட்டன் பசங்களுக்கு முடியாதுன்னவங்க இப்ப எல்லாருக்கும் குடுக்கறாங்க. முன்னாடி முடிச்சவன் மட்டும் முட்டாள்.

கரிசக்காட்டான் | 16 அக்டோபர் 2020

அண்ணே சொல்ல மறந்துட்டேன். ஜூன்ல சேர வேண்டிய வேலை, கம்பெனிக்காரன் தள்ளிப் போட்டுட்டான், எப்பன்னு சொல்லல. அதுக்குள்ள வேற ஒரு ஸ்டேட்ல ஒரு கோச் கிராட் டிரான்ஸ்ஃபரா (டிகிரி முடிச்சிட்டு வேற காலேஜ் டீமுக்கு மாறுறது) கூப்பிட்டாரு. ஒரு வருஷ மாஸ்டர்ஸ், பாதி ஃபீஸ் அவங்க. ஆகஸ்ட்லயே போயிட்டா. சொந்த காலேஜ்ல பூஜ்யம், ஊர் பேர் தெரியாத காலேஜ்ல பாதி. நேத்து நியூஸ் பாத்துட்டு ரூல்ஸ் பாக்கற கம்ப்ளையன்ஸ் ஆபீஸ்ல போய் நின்னிருக்கா, ஜனவரில இன்டோரும் ஓடலாம்னு சொல்லிட்டாங்களாம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன் பண்ணி அழுதா.

ஒஹையோ அம்மா | 3 ஜூன் 2021

டெட் பீரியட் முந்தா நேத்துதான் முடிஞ்சுது. மார்ச் 2020லேர்ந்து ஜூன் 1, 2021 வரைக்கும். என் பையன் போன வாரம் ஸ்கூல் முடிச்சிட்டான். அதாவது அவன் ரெக்ரூட் ஆக வேண்டிய காலம் முழுசும் எந்த டிவிஷன் 1 கோச்சும் அவனை நேர்ல பார்க்கவே இல்ல. இப்ப ஏப்ரல்ல ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் ஆனா உடனே ஆடலாம்னு ரூல் வேற மாத்தியாச்சு, கோச்சுக்கு 18 வயசுப் பையன் எதுக்கு, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல (காலேஜ் மாற நினைக்கறவங்க லிஸ்ட்) 22 வயசு ஆள் தயாரா இருக்கான்.

டிவிஷன் 3ல சேரறான். அங்க ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனா மார்க்குக்கு நல்ல தொகை குடுத்தாங்க. கணக்கு போட்டா, டிவிஷன் 1ல 25 சதவீதம் கெடச்சிருந்தா என்ன கட்டியிருப்போமோ அதை விட கம்மியாத்தான் கட்டறோம். இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா என் கட்டை விரல் தப்பிச்சிருக்கும்.

ஸ்டான்ஃபோர்ட் அந்த 11ஐயும் திரும்ப திறந்துடுச்சு போன மாசம். பழைய மாணவங்க கேஸ் போட்டு பணம் திரட்டி போராடினாங்க. எங்களுக்கு யார் இருக்கா.

புதுசா வந்தவன் 24 | 9 ஜூன் 2025

பழைய இழை, மன்னிக்கவும். கூகுள்ல தேடி வந்தேன். போன வெள்ளிக்கிழமை ஹவுஸ் செட்டில்மென்ட்டுக்கு (காலேஜ் வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல போட்ட கேஸோட சமரசம்) ஜட்ஜ் ஒப்புதல் குடுத்தாச்சு, இனிமே ஸ்காலர்ஷிப் உச்சவரம்பே இல்லையாமே, எத்தனை பேருக்கு வேணா குடுக்கலாமாம். எங்க பொண்ணு ட்ராக், வாக்-ஆன் (ஸ்காலர்ஷிப் இல்லாம டீம்ல இருக்கா). இது அவளுக்கு நல்லதா?

டல்லாஸ் பெரிசு | 9 ஜூன் 2025

வாங்க தம்பி. செட்டில்மென்ட்ல சேர்ற காலேஜா இருந்தா உச்சவரம்பு போயி ரோஸ்டர் வரம்பு, அதாவது டீம்ல மொத்தம் இத்தனை பேர்தான்னு, வருது. பேஸ்பால் 34 பேர், ட்ராக் 45 பேர். பழைய 11.7க்கு பதிலா 34 பேருக்கும் முழுசா குடுக்கலாம். குடுக்கலாம்தான், குடுக்கணும்னு இல்ல, நல்லா கவனிங்க. ஆனா 46வது ஆளா வாக்-ஆன் வச்சிக்க முடியாது. ஏற்கனவே டீம்ல இருந்து இந்த வரம்பால வெட்டுப் பட்டவங்க, படப் போறவங்க வரம்புல சேரமாட்டாங்கன்னு ஒரு விலக்கு உண்டு. காலேஜ் அந்த லிஸ்ட்ல உங்க பொண்ணு பேரை சேத்திருக்கான்னு எழுத்துல கேளுங்க.

புதுசா வந்தவன் 24 | 9 ஜூன் 2025

கோச் போன்ல, கவலைப்படாதீங்க இடம் இருக்குன்னு சொன்னார் சார்.

கரிசக்காட்டான் | 10 ஜூன் 2025

ரெண்டாவது பக்கம் வந்துச்சா?